துப்புகிற ரயில் பெட்டி

மருதங்கோட்டைக் கல்யாண மண்டபத்துப் பொம்மை ரயில் முதன்முதலாக மனுஷர் மேல் துப்பியது, அந்த மண்டபத்துக்கும் அரிசி மில்லுக்கும் சொந்தக்காரரான சபாபதியின் மகள் பவானிக்கு வளைகாப்பு நடந்த அன்றைக்கு. துப்பியதும் ஏனோதானோ என்று துப்பவில்லை. பட்டுச் சேலையும் சந்தனக் கன்னமுமாக உட்கார்ந்திருந்த பிள்ளைத்தாச்சிக்கு நேராக வந்ததும் வேகத்தைக் குறைத்து, நடுப்பெட்டியின் மூன்றாவது ஜன்னல் வழியாக, தூ, தூ, தூ என்று முறையாக மூன்று தடவை அவள் நெற்றியில் துப்பிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வளைவில் திரும்பிப் போய்விட்டது.

வேறு ஊராக இருந்தால் கூட்டம் கலைந்திருக்கும், பேய் பிசாசு என்று பேச்சு கிளம்பியிருக்கும், குறைந்தபட்சம் யாராவது ஒரு கைக்குட்டையாவது நீட்டியிருப்பார்கள். மருதங்கோட்டைக்காரர்களுக்கு எது நடந்தாலும் அதைத் தங்களுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொள்ளத் தெரியும். பவானியின் அம்மா விசாலம் குனிந்து மகளின் நெற்றியைப் பார்த்தாள். நுரை கட்டி, வெதுவெதுப்பாக, மூக்கை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது எச்சில். அவள் அதைத் துடைக்கவில்லை. "அடியே, திருஷ்டி கழிச்சிருக்குடி! உப்பு மிளகாய் சுத்தி நாம துப்பச் சொல்ற மாதிரியே மூணு தரம் துப்பியிருக்கு பாரு!" என்று சொல்லி, மோதிர விரலால் அதைத் தொட்டு மகளின் வகிடு வரைக்கும் இழுத்துவிட்டாள். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா, வளையல் போட வந்த பெண்களெல்லாம் இடுப்பிலிருந்த பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ரயில் மேஜையைச் சுற்றி நெருக்க ஆரம்பித்தார்கள். ரயிலும் சளைக்காமல் சுற்றிச் சுற்றி வந்து துப்பியது.

சமையல்கட்டு வாசலோடு நின்று இதைப் பார்த்த ஜெபமாலைக்கு மட்டும் குமட்டிக்கொண்டு வந்தது. மிக்ஸி, எமர்ஜென்சி லைட், பேசாத ரேடியோ என்று கரண்டில் ஓடுகிற எதையும் பழுதுபார்க்கிறவள் அவள். கடை பஸ் ஸ்டாண்டில், வீடு காலனியில். காலனி என்றால் ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம். மண்டபத்தில் வேலை என்று கூப்பிட்டால் பின்வாசல் வழியாக வருவாள், வேலை முடிந்தால் அதே வழியாகப் போவாள். முன்வாசல் வழியாக வராதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத ஊர் அது. அன்றைக்கு அவள் வந்தது, தான் சரிசெய்து கொடுத்த பெட்டியில் விளக்கு ஒழுங்காக எரிகிறதா என்று பார்க்கத்தான். விளக்கு நன்றாகவே எரிந்தது. ஆனால் ரயில் அவள் பக்கமாக வளைந்து ஒரு குழந்தையின் தலையில் துப்பிவிட்டுப் போனபோது, காற்றில் வந்த வாடை அவள் காலையில் சாப்பிட்டுவிட்டு வந்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பின் வாடை. அவரவர் வாயின் வாடை அவரவருக்குத் தெரியாமல் போகாது. அவள் பின்பக்கம் ஓடிப்போய்ப் பாத்திரம் கழுவுகிற தொட்டியோரம் உட்கார்ந்து ஓங்கரித்தாள், வாயில் எதுவும் வரவில்லை, ஒரு சொட்டு உமிழ்நீர்கூட வரவில்லை.

எச்சில் என்றாலே ஜெபமாலைக்கு ஆகாது. அவள் கடைச் சுவருக்குப் பக்கத்தில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நிற்பார்கள், நிற்கிறவர்கள் சும்மா நிற்கமாட்டார்கள், வெற்றிலையைக் குதப்பிச் சுவரில் உமிழ்ந்து, மூக்கைச் சிந்தி அதே சுவரில் தேய்ப்பார்கள். துப்பாமல் இருக்கட்டும் என்று அவள் பிள்ளையார், வேளாங்கண்ணி மாதா, மக்கா என்று சாமி டைல்ஸ் ஒட்டிப் பார்த்தாள். பயபக்தி உள்ள ஊரல்லவா, பிள்ளையார் மேலும் படாமல் மாதா மேலும் படாமல் இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியில் குறிபார்த்துத் துப்பினார்கள். தினமும் காலையில் வாளித் தண்ணீரும் துடைப்பமுமாக அந்தச் சிவப்புக் கோழையைக் கழுவிவிட்டுத்தான் அவள் கடையைத் திறப்பாள். கழுவிவிட்டு எதிர்க் கடையில் டீ கேட்டால், மற்றவர்களுக்குக் கண்ணாடி கிளாஸிலும் அவளுக்குப் பேப்பர் கப்பிலும் வரும். சுகாதாரத்துக்காக என்று டீக்கடைக்காரர் சொல்வார்.

அந்த ரயிலின் கதையையும் சொல்லிவிடுகிறேன். மருதங்கோட்டை வழியாக முன்பு நிஜ ரயிலே ஓடியது. அகலப் பாதை போடும்போது பாதையை வேறு பக்கமாகத் திருப்பிவிட்டார்கள், ஊருக்குத் தண்டவாளம்கூட மிச்சமில்லை. அந்த மனக்குறை தீர, வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபாபதியின் மகன் ஓர் எஞ்சினும் சில பெட்டிகளும் கொண்ட பொம்மை ரயிலை அனுப்பிவைத்தான். மண்டபத்தின் முன்கூடத்தில் பெரிய மேஜை போட்டு, வயல், பாலம், கோபுரம் எல்லாம் செய்து அதை ஓடவிட்டார்கள். பெட்டிக்குள் விளக்கு எரியும், ஜன்னலோரம் நகத்தளவு பயணிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு கல்யாணத்தில் யாரோ சேமியாப் பாயசத்தை நடுப்பெட்டியின் மேல் கவிழ்த்துவிட, உள்ளே இருந்த சர்க்யூட் போர்டு புகைந்து போனது.

மண்டபத்து மேனேஜர் கலியமூர்த்திதான் பெட்டியை ஜெபமாலையின் கடைக்குக் கொண்டுவந்தார். கையில் கொடுக்கவில்லை. மேஜைமேல் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார், அவர் தள்ளி நின்ற பிறகு அவள் எடுத்துக்கொண்டாள். கூரையைக் கழற்றிப் பார்த்தால், விரல் அகலப் போர்டில் பாயசத்துச் சேமியா கருகி ஒட்டிக்கொண்டிருந்தது, சக்கரத்திலிருந்து கரண்டு வாங்கி விளக்குகளுக்குக் கொடுக்கிற ஒயர்கள் எல்லாம் உருகிப் பிசுபிசுத்துக் கிடந்தன. அவள் போர்டைச் சுரண்டிக் கழுவிக் காயவைத்து, ஒரு பழைய ஹெட்போனை அறுத்து அதிலிருந்த முடி போன்ற ஒயர்களை எடுத்தாள். அவ்வளவு மெல்லிசு ஒயரின் தோலை பிளேடால் சீவினால் உள்ளே இருக்கிற செம்பும் சேர்ந்து அறுந்துவிடும், அதனால் அந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள், முன்பல்லால் கடித்துத் தோலை உரித்தாள். ஒரு கையில் சால்டரிங் குச்சி, மறு கையில் ஈயம், ஒயரைப் பிடிக்கக் கை இல்லாமல் உதட்டில் கவ்விக்கொண்டே ஒவ்வொரு முனையையும் பற்றவைத்தாள். ஈயம் உருகியபோது ஈர முனையிலிருந்து சுர்ரென்று ஆவி கிளம்பியது. ஊரார் எச்சிலைக் கண்டால் வாந்தி எடுக்கிற ஜெபமாலைக்கு, தன் வாயில் ஊறுவதும் எச்சில்தான் என்று அந்த நேரத்தில் தோன்றவே இல்லை.

அவள் செய்த தப்பு அவ்வளவுதான். மற்றதை ஊர் பார்த்துக்கொண்டது.

பவானிக்கு இருந்த இடுப்பு வலி நின்றது என்றார்கள், யாரோ ஒருவரின் கறவை மாடு மறுபடி பால் கறந்தது என்றார்கள், பள்ளிக்கூடத்தில் தேறாத பையன் தேறினான் என்றார்கள். பட்டு விரித்த மேஜைமேல் மாலை விழுந்தது. மண்டபத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழக் கடைகள் முளைத்தன. பூசாரி ஒருவர் வந்து அமர்ந்து, யார் முதலில் குனிய வேண்டும், யார் பிறகு குனிய வேண்டும் என்று தெருவாரியாக வரிசை வைத்தார். அந்த வரிசையில் காலனி எந்த இடத்திலும் இல்லை. தலையைக் குனிந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், துப்பியதும் துடைக்காமல் நடக்க வேண்டும். கோவணம் கட்டிய கிழவர்களிலிருந்து கோட்டுப் போட்ட மாப்பிள்ளைகள் வரை நெற்றியில் எச்சில் வழிய வழிய டீக்கடைக்கு வந்து கண்ணாடி கிளாஸில் டீ குடித்தார்கள். சிலர் விரலால் தொட்டு நாக்கிலும் வைத்துக்கொண்டார்கள். ஜெபமாலை கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள், மூடினாலும் அந்த விரல் நாக்குக்குப் போவதே தெரிந்தது.

இதில் இன்னொரு கூத்தும் நடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசாதத்துக்குத் தனி மணம் இருக்கிறது என்று பேச்சு கிளம்பி, ஞாயிறு மட்டும் வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நீண்டது. மிளகும் சோம்பும் வறுத்த மாதிரி, அதற்கு மேலும் ஏதோ ஒன்று, பேர் சொல்லத் தெரியாத ஒரு வாசம் என்று சுத்த சைவக்காரரான பூசாரியே மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னார். அந்த வாசத்துக்குப் பேர் ஜெபமாலைக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்ததும் அவள் வீட்டில் வேகிற மாட்டுக்கறியின் வாசம் அது.

சிரிக்க வேண்டிய விஷயம்தான். அவள் புருஷன் இன்னாசி, சபாபதி மில்லில் மூட்டை தூக்குகிறவன், கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கவும் சிரித்தான். "சிரிச்சது போதும், வெளிய சொல்லிடாத புள்ள. ஊரு எரியறதுக்கு முன்னாடி காலனிதான் எரியும்" என்றும் சொன்னான். ஆனால் ஜெபமாலையால் சிரிக்க முடியவில்லை. சிரித்தால் உதடு பல்லோடு ஒட்டிக்கொண்டது. அங்கே ரயில் துப்பத் துப்ப இங்கே அவள் வாய் காய்ந்துகொண்டே வந்தது. சோறு மணலாக நெரிந்தது. தண்ணீர் குடித்தால் தகரத்தில் ஓடுகிற மாதிரி நாக்கின் மேல் ஓடித் தொண்டைக்குள் போனது, நாக்கு நனையவில்லை. கன்னத்தின் உள்பக்கம் வெடித்து, பல்லிடுக்கில் மாட்டிய பருக்கை அங்கேயே புளித்து நாறியது, தன் மூச்சின் நாற்றம் தனக்கே பொறுக்காமல் அவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படுத்தாள். டாக்டர் சுகர் பார்த்தார், எலுமிச்சை மிட்டாய் எழுதிக்கொடுத்தார். மிட்டாய் கூழாங்கல்லாக வாயில் உருண்டது, கரையவில்லை. உடம்பு இளைத்துச் சட்டை தொளதொளத்தது. இப்படியே போனால் சோற்றுப்பானைக்கு முன்னால் உட்கார்ந்தே சாக வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்துபோனது.

அவளைக் கிளப்பிவிட்டது மாதா கோயில் பூசையில் வாங்கிய நன்மைதான், ஆண்டவரின் உடல் என்று கொடுக்கிற அப்பம். சாமியார் நாக்கில் வைத்த அப்பம் கரையாமல் மேலண்ணத்தில் காகிதமாக ஒட்டிக்கொண்டது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் கூடாது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் நின்று, சுண்டுவிரலால் ஆண்டவரைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தபோது அவளுக்கு அழுகை வந்தது. கண்ணில் மட்டும் எப்படியோ தண்ணீர் இருந்தது.

நேராக மண்டபத்துக்குப் போய்ப் பின்வாசலில் நின்று கலியமூர்த்தியைக் கூப்பிட்டாள்.

"மேனேஜர் சார், அந்தப் பெட்டியில ஒயர் தப்பாப் போட்டுட்டேன். ஒருதரம் கழட்டிப் புது ஒயர் போட்டுக் குடுத்துடுறேன்."

"கழட்டுறதா? என்னம்மா பேசற, அது சாமியாயிருச்சு. கண்டவங்க கை அதுல படலாமா?"

"நான்தானே சார் ரிப்பேர் பண்ணேன்?"

"அப்ப அது பொம்மை. இப்ப அப்படியா?"

ஒட்டிக்கிடந்த நாக்கைப் பிரித்து, ஒவ்வொரு சொல்லாக, ஜெபமாலை சொன்னாள்: "சார், அது துப்புறது என் எச்சில். பல்லால கடிச்சுத்தான் ஒயரை உரிச்சேன். என் வாய் காஞ்சு சாகறேன், பாருங்க." வாயைத் திறந்து காட்டினாள். கோடை ஏரியாக வெடித்திருந்த நாக்கைப் பார்த்தார் கலியமூர்த்தி, தன் நெற்றியில் காலையில் வாங்கிக் காய்ந்திருந்ததைத் தொட்டுப் பார்த்தார், அப்படியே குனிந்து பின்வாசலிலேயே வாந்தி எடுத்தார்.

அன்றைக்கு மருதங்கோட்டை முழுக்க வாந்தி எடுத்தது. மஞ்சள்தூள் கடைகளில் தீர்ந்துபோனது. குளத்துப் படித்துறையில் நிற்க இடமில்லாமல், தலை தேய்ப்பவர்களும் நெற்றியை மணலால் உரசுபவர்களும் தொண்டைக்குள் விரலை விடுபவர்களுமாகக் கூட்டம் நெரிந்தது, நாக்கில் தொட்டு வைத்துக்கொண்டவர்கள் நாக்கை உப்புக்கல்லால் தேய்த்து ரத்தம் வரவைத்தார்கள். சாக்கடையெல்லாம் நுரைத்து ஓடியது. மாலை நெருங்கும்போது சிலர் கழிகளை எடுத்துக்கொண்டு வாய்க்கால் வரை வந்துவிட்டார்கள், காலனியில் கதவுகள் சாத்தப்பட்டன, இன்னாசி பெண்சாதியை அரிசிப் பானைக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டு வாசலில் அரிவாளோடு நின்றான். ஆனால் கழிக்காரர்கள் வாய்க்காலைத் தாண்டவில்லை. மண்டபத்தில் சபாபதி கூட்டம் போட்டிருக்கிறார் என்று ஆள் வந்து கூப்பிட, திரும்பிப் போனார்கள்.

கூட்டத்தில் முதலில் எல்லாரும் பெட்டியை உடைக்க வேண்டும் என்றார்கள். பிறகு யாரோ மாட்டின் பாலைப் பற்றி நினைவுபடுத்தினார்கள். தேறிய பையனின் அப்பா தலையைச் சொறிந்தார். எலுமிச்சம்பழக் கடைக்காரர்கள் பெருமூச்சு விட்டார்கள். பவானிக்கு அடுத்த வாரம் பிரசவம் என்று விசாலம் மூக்கை உறிஞ்சினாள். கடைசியில் பூசாரிதான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கரண்டுங்கறது என்ன? அக்னி. அக்னிக்குள்ள போய் வந்ததுக்கு ஏது தீட்டு?" என்றார்.

கூடத்தில் அப்பாடா என்று ஒரு பெருமூச்சு எழுந்தது. அடடா, இது நமக்குத் தோன்றாமல் போச்சே என்று ஆளாளுக்குத் தொடையில் தட்டிக்கொண்டார்கள். எச்சில் அவளுடையது, ஆனால் துப்புகிறது ரயில், நடுவில் இருக்கிறது அக்னி. மறுநாள் காலையிலேயே மறுபடி வரிசை கட்டி நின்றார்கள். டீக்கடையில் அவளுக்குப் பேப்பர் கப்பும் பழையபடி வந்தது.

அதோடு விட்டிருந்தால் அது வேறு ஊர். கலியமூர்த்தி காலனி முனை வரை வந்து, வாய்க்கால் மதகின்மேல் ஓர் எவர்சில்வர் டிபன் கேரியரை வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார்.

"முதலாளி குடுத்தனுப்பினாரு. தயிர்சாதம், நெய்ப் பொங்கல், எல்லாம் மண்டபத்துல மடியா, சுத்தமா சமைச்சது. இனிமே தினம் வரும். நீ இதைத்தான் சாப்பிடணும். கருவாடு, அந்த ஞாயித்துக்கிழமைச் சமாச்சாரம், அதெல்லாம் கூடாது. காலையில பல் வெளக்கி நாக்கு வழிச்சிட்டுத் துளசி மெல்லணும். ஊருக்கே போறது பாரு, சுத்தமா இருக்கணுமில்ல?"

"என் வாயில எச்சில் இல்ல சார். எதைச் சாப்பிடறது?"

"தண்ணி ஊத்திக் கரைச்சுக் குடி" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இன்னாசி கேரியரைத் திறந்து பார்த்தான். நெய் மிதந்தது, முந்திரி தெரிந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்று மெதுவாகச் சொன்னான், சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்து மூடியை மூடினான்.

ஜெபமாலைக்கு வந்த அருவருப்பு அதுவரை எந்தக் கோழையைப் பார்த்தும் வந்ததில்லை. வெற்றிலைச் சாற்றைக் கழுவிவிடலாம், வாந்தியை மண் போட்டு மூடலாம். தன் வாய்க்குள் கையை விட்டு, தன் குழம்புச் சட்டிக்குள் எட்டிப் பார்த்து, உன் எச்சில் வேண்டும், நீ வேண்டாம் என்று சொல்கிற இந்த மனுஷர்களை எதைக்கொண்டு கழுவுவது? தூ என்று காறித் துப்பினால் ஆறும். மதகின்மேல் நின்று ஊர்ப் பக்கம் பார்த்துத் துப்பியும் பார்த்தாள். வறண்ட காற்றுதான் வந்தது. துப்ப வேண்டிய நேரத்தில் துப்ப முடியாதபடி அதையும் அவர்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, வெயில் உச்சிக்கு ஏறிய பொழுதில், அவள் கடையைப் பூட்டிவிட்டுத் திருகாணி கழற்றுகிற திருப்புளியை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள். மண்டபத்து முன்வாசல் வழியாகவே போனாள். வாழைமரம் கட்டிய தூண்களைத் தாண்டி, கோலத்தைத் தாண்டிப் போகும்போது யாரும் அவளைத் தடுக்கவில்லை, ஏனென்றால் வரிசையில் நின்ற எல்லாரும் தலையைக் குனிந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். ரயில் மேஜையைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. மூன்றாவது ஜன்னலில் ஈரம் மினுங்கியது. அவள் உள்ளங்கையை நீட்டி அதை நிறுத்தினாள்.

சக்கரச் சத்தம் நின்றதும் பூசாரிதான் முதலில் கண்ணைத் திறந்தார். "ஏய், தொடாதே!" என்று கத்தினார். தொடாதே என்று சொன்னவர் ஓடிவந்து தடுக்கவில்லை, தடுக்க வேண்டுமானால் அவளைத் தொட வேண்டியிருக்கும். முன்வரிசையிலிருந்த சபாபதி கையை ஓங்கிக்கொண்டு வந்து, அவளுக்கு ஓரடி முன்னால், கோடு போட்டதுபோல நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் ஊரே அந்த ஓரடிக்கு அப்பால் நின்றது.

அவள் நிதானமாகத் திருகாணிகளைக் கழற்றினாள். கூரையைத் தூக்கிக் கீழே வைத்தாள். போர்டின்மேல் அவள் பற்றவைத்த ஒயர்கள் நனைந்து கொழகொழத்துக் கிடந்தன, பயணிப் பொம்மைகள் முழங்கால் வரை எச்சிலில் உட்கார்ந்திருந்தன. அவள் ஒயர்களை ஒரே கொத்தாகச் சுருட்டிப் பிடித்து இழுத்தாள். ஈயம் பிய்த்துக்கொண்டு வந்தது. பெட்டியின் விளக்கு அணைந்தது.

நாக்கின் அடியில் முதலில் ஒரு கூச்சம், பிறகு இரண்டு தாடையிலும் சுள்ளென்று ஒரு வலி, அதன் பிறகு மடை திறந்துகொண்டது. வெடிப்புகளில் பாய்ந்து, கன்னங்களில் ஏறி, பல்லெல்லாம் முழுகி, அவளுடைய எச்சில் அவள் வாய்க்கே திரும்பி வந்தது. அத்தனை நாள் ஊர் நெற்றிகளில் பட்ட விபூதியும் வியர்வையும் தலை எண்ணெயும் அதில் கலந்திருந்ததை அவள் நாக்கு உணர்ந்தது. கன்னம் இரண்டும் உப்பி, உதடு குவிந்தது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். யாரும் ஓடவில்லை. முகத்தைக்கூடத் திருப்பவில்லை. விசாலம் முதலில் கையைக் கட்டினாள், அவளைப் பார்த்துப் பூசாரி, பிறகு கலியமூர்த்தி, பிறகு வாசல் வரைக்கும், பஸ் ஸ்டாண்டு வரைக்கும், வரிசையாகத் தலைகள் குனிந்தன.

ஓங்கிய கையை இறக்கிவிட்டு சபாபதியும் குனிந்தார். "கோவிச்சுக்காதம்மா" என்றார். ஒரு நாளும் அவளை அவர் அம்மா என்று கூப்பிட்டவரில்லை. "பவானிக்கு நேத்தே வலி கண்டிருக்கு. நீயே துப்பும்மா. நேரா துப்பு, பரவாயில்ல. எங்க மேலயே துப்பு."

ஜெபமாலை அந்தத் தலைகளைப் பார்த்தாள். வழுக்கை, நரை, மல்லிகைப்பூ, புதிதாக வகிடெடுத்த குழந்தைத் தலை. இத்தனை வருஷமாக இவர்கள்மேல் துப்ப அவளுக்கு எவ்வளவு ஆசை இருந்தது என்பது அந்த மேஜையருகே நின்றபோதுதான் அவளுக்கே தெரிந்தது. வாய் நிறைய இருந்தது. இவர்களுக்குக் கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

கண்ணில் நீர் கட்ட, குமட்டலை அடக்கிக்கொண்டு, எல்லாரும் தலை நிமிர்ந்து பார்க்கிற வரைக்கும் காத்திருந்து, ஒரு சொட்டு சிந்தாமல் அவள் அதை விழுங்கினாள்.